அம்மிக்கல்லுக்கு லிஃப்ட்

"முப்பது வயசு ஆம்பளை கையை வீசிட்டுப் படியேறி வர்றான். அந்தம்மா அவனோட அம்மிக்கல்லை வண்டியில வச்சுத் தள்ளிட்டு வர்றாங்க. கேட்க நாதியில்லையா சார்?"

ஹெட் கிளார்க் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் மேனேஜருக்குப் பட்டது.

அம்மிக்கல் என்பது கட்டட பிளான் வரைகிறவனின் லேப்டாப். ஆபீஸில் அவ்வளவு பெரியது வேறு கிடையாது. தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையில் திரும்பக் கொண்டுவருவான்.

போன மாதம் அவன் ஒரு மனு கொடுத்தான். மூன்று மாடி தூக்க முடியவில்லை, சரக்கு லிஃப்டில் ஏற்ற அனுமதி வேண்டும். சூடாகி நின்றுவிடுகிறது, டேபிள் ஃபேன் வேண்டும்.

மெஷின் நின்றால் வேலை நிற்கும். மேனேஜர் இரண்டையும் கொடுத்தார்.

மறுநாளே வந்து நின்றான். "லிஃப்டுன்னா எனக்கு பயம் சார். ரெக்கார்டு அக்கா எடுத்துட்டு வந்துடுவாங்க."

ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் ரெக்கார்டு அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அவரும் முகம் சுளிக்காமல் ஃபைல் வண்டியில் வைத்து லிஃப்டில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். மேனேஜருக்குப் புரியாத இடம் அதுதான்.

"உங்களை ஏதாவது மிரட்டுறானாம்மா?"

"ஐயோ, அந்தத் தம்பியா? அது வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது சார்."

பயந்து சொல்கிறாரோ? மேனேஜர் மெமோ அடித்தார். பதில் சரியில்லை என்றால் வேலையே போகும்.

புதன்கிழமை காலை மெமோவோடு மூன்றாம் மாடிக்குப் போனார்.

அவன் படியேறி வந்துகொண்டிருந்தான். முதுகில் அம்மிக்கல்.

"என்னய்யா, இன்னிக்கு லிஃப்ட் வேணாமா?"

"ரெண்டு தோள்லயும் மாட்டிக்கிட்டா கனமே தெரியலை சார்."

மேசையில் வைத்து வேலையை ஆரம்பித்தான். ஃபேனைப் போடவில்லை. மேனேஜர் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தார். ஃபேன் அப்படியே நின்றது. லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புக்கு மேல் இல்லை.

"சூடு எங்கே போச்சு?"

லேப்டாப்பை லேசாகத் தூக்கிக் காட்டினான். அடியில் நாலு மூலையிலும் நாலு பாட்டில் மூடி. "அடியில காத்து போனா போதும் சார். சூடே ஏறாது."

"இது எப்போ கண்டுபிடிச்சே?"

"காலேஜ்ல படிக்கும்போதே தெரியும் சார்."

"அப்புறம் எதுக்குய்யா லிஃப்டும் ஃபேனும்?"

அவன் ஃபேன் பக்கம் பார்த்தான். அப்போதுதான் மேனேஜர் கவனித்தார். ஃபேனின் முகம் லேப்டாப் பக்கம் இல்லை. அடுத்த மேசையின் காலி நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது.

"ரெக்கார்டு அக்கா இன்னிக்கு லீவு சார்" என்றான்.

மேனேஜர் அறைக்குத் திரும்பி ஃபைலைப் புரட்டினார். அவன் மனுவுக்கு முந்தைய தாள், அக்காவின் கடிதம். படித்த ஞாபகமே அவருக்கு இல்லை.

'இளைப்பு நோயால் படியேற முடியவில்லை. புழுக்கத்தில் மூச்சு முட்டுகிறது. லிஃப்டில் வர அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.'

ஓரத்தில் அவருடைய கையெழுத்தில்: 'லிஃப்ட் சாமான்களுக்கு மட்டும். மனிதர்களுக்கு விதியில் இடமில்லை.'

மெமோவை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த தாளான அவன் மனுவைத் திருப்பினார்.

அதே மை, அதே கையெழுத்து: 'லேப்டாப்புக்கு அனுமதி உண்டு. அதற்குத் துணையாக ஒருவர் வரலாம்.'