தனகோடியின் கைதட்டல்

நடு ஸ்டம்பு சாய்கிறது. ஆம்பூர்ப் பாலாற்றங்கரை வெயிலில் எங்கள் தோல் ஷாப்பு ஆட்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். வாலாஜாபேட்டைக்காரன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறான். ஆடுகளத்தின்மேல் விரித்த நார்ப்பாயில் எழுந்த தூசி இன்னும் அடங்கவில்லை. குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் முதலாளி என் விரல்களைத்தான் பார்க்கிறார். பந்து போடுகிறவன் விரலில் தோல் உரியக் கூடாது என்று அவர் என்னைத் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்து, கிடங்கு நிழலில் தோல் அடுக்க வைத்து மூன்று வருஷம் ஆகிறது. என் தொட்டியில் எவன் இறங்குவான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. தனகோடி இறங்கினான். இப்போது எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துகிறவனும் அவன்தான். "இன்னாமா போட்டான் பாரு, நம்ம கன்னியப்பன்!" கத்திக்கொண்டே அவனும் கை தட்டுகிறான், ஆனால் சத்தம் வரவில்லை. சுண்ணாம்பு தின்ற உள்ளங்கைகளை விலக்கி வைத்துக்கொண்டு, மணிக்கட்டோடு மணிக்கட்டை மோதுகிறான். சீமைப் பந்து என்னிடம் திரும்பி வருகிறது. "நல்லா தொடைச்சிப் போடு தோஸ்த்!" என்கிறான். பந்தைத் தேய்க்கிற சாக்கில், முழுசாக இருக்கிற பத்து விரலையும் வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொள்கிறேன்.