வெறுஞ்சுற்று

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாவியை செல்வநாயகம் திருப்பினார். இன்ஜின் சுற்றியதே தவிர பற்றிக்கொள்ளவில்லை. மெக்கானிக் ரபீக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். உள்ளே இருக்க வேண்டிய, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சின்ன ரோட்டர் இல்லை. அது தானாகக் கழன்று விழுகிற பொருளல்ல.

"இனிமே ஓடாதுல்ல?" வாசலிலிருந்து அவர் மனைவி கேட்டாள். சென்ற வருடம் இந்தக் காரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கியவர் செல்வநாயகம்.

ரபீக் மூடியை மாட்டினான். "பார்ட்ஸ் கிடைக்காதும்மா."

அவள் உள்ளே போனதும் செல்வநாயகம் சட்டைப்பையிலிருந்து புது ரோட்டரை எடுத்துக் காட்டினார்.

"அப்புறம் எதுக்கு சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

"யாரையும் கூப்பிடலைன்னா, கழட்டினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

ரோட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, உள்ளே கேட்கும்படி மறுபடியும் சாவியைத் திருப்பினார்.