மூடிய கிணறு

வெளிநாட்டு மாணவர்களுக்குத் தலைநகரைச் சுற்றிக்காட்டுவது குமுதவல்லியின் வேலை. அரண்மனைத் தோட்டத்தில் சிமெண்டு பூசி மூடியிருந்த கிணற்றைப் பற்றி மட்டும் அவள் வாய் திறப்பதில்லை, மேலிடத்து உத்தரவு. அன்று, காலையிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்த மாணவன் மத்தியாஸ் அங்கே நின்றுவிட்டான்.

"இதை ஏன் மூடினாங்க?" என்று நல்ல தமிழில் கேட்டான்.

குமுதவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தமிழ் தெரிந்தவன் இதுவரை ஏன் ஆங்கிலத்திலேயே பேசினான்? யார் அனுப்பிய ஆள் இவன்? போன மாதம் இந்தக் கிணற்றைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்ட வழிகாட்டி பூவராகன் இன்னும் வீடு திரும்பவில்லை.

"தண்ணி வத்திப்போச்சு" என்றாள்.

அவன் அதையும் எழுதிக்கொண்டு நோட்டை நீட்டினான். "கீழ கையெழுத்துப் போடுங்க மேடம்."

குமுதவல்லி பேனாவை வாங்கினாள். தண்ணி வத்திப்போச்சு என்ற அந்தக் கடைசி வரியை அழுத்தி அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.