உதறிய சட்டை

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஓரகத்திகள் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவரும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கிறவர்கள். தம்பி வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீடு வருவார். "எவளுக்காகவாம் இந்த மினுக்கு?" என்று இருபது வருஷமாகக் கேலி பேசியவள் மூத்தவள். அண்ணன் ஷீட் அறுத்த வெள்ளைத் தூசியோடு வருவார். அந்தச் சட்டையை உதறி உதறித் துவைத்ததும் அவள்தான். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் தன் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறாள். நுரையீரல் ஓரமெல்லாம் அதே வெள்ளை. புற்றுநோயா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். "தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்கிறாள் துணைக்கு வந்த இளையவள். அவள் நெஞ்சு சுலபமாக ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு வயிறு எரிகிறது. இருமல் அடங்கியதும் சொல்கிறாள்: "உனக்காகத்தாண்டி குளிச்சிருக்காரு."