சின்னையா படத்துக்கு மாலை

வஹீதா தெருமுனை திரும்பும்போதே கேலரி வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம். சுவரில் டீக்கடை சின்னையாவின் படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டு, கீழே ஊதுவத்தி ஏற்றியிருந்தது. பக்கத்துப் படத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் இந்தத் தெருக் கடைக்கு வரும் டெய்லர் ரங்கநாதன் விவரம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

நேற்று சாயங்காலம்கூட, "இஞ்சி தூக்கலாப் போட்டிருக்கேன், குடிங்கம்மா, கவலைப்படாதீங்க" என்று டீ கொடுத்த மனிதர். போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப்.

வஹீதாவும் தோழி பெலிண்டாவும் பாலக்கரையில் இந்தக் கேலரியைத் தொடங்கி இரண்டு மாதம். தெருக்காரர்களைப் படம் எடுத்துத் தெருக்காரர்களுக்கே காட்ட ஆசை. தெருவோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமையும் ஈ ஓட்டுனீங்கன்னா, ரூமைச் செல்போன் கடைக்கு விட்டுடுவேன்" என்று இடத்துக்காரர், பெலிண்டாவின் அப்பா இன்னாசிராஜ், கெடு வைத்திருந்தார். இன்றுதான் அந்த ஞாயிறு.

"மாலை நீயா போட்டே?" என்று பெலிண்டாவின் காதில் கேட்டாள் வஹீதா.

"நான் வரும்போதே இருந்துச்சுடி. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் யாரும் சொல்லலை."

இட்லிக்கடை வேலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "லால்குடியில மக வீட்டுக்குப் போன எடத்துல நெஞ்சுவலியாம். தெனம் காலையில இந்த ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளிச்சு வைப்பாரே. இனிமே யாரு தூக்குவா?"

அழுகை அரைமணி நேரம்தான் தாங்கியது. துடைத்த கண்ணால் வேலம்மாள் எதிர்ச்சுவரைப் பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, இது நான்தானே? இட்லித் தட்டோட எவ்வளவு லட்சணமா இருக்கேன்."

அதோடு துக்கம் போன இடம் தெரியவில்லை. ஆளாளுக்குத் தங்கள் முகத்தைத் தேடினார்கள், போன் போட்டுச் சொந்தபந்தங்களை வரவழைத்தார்கள். பதினோரு மணிக்கு உள்ளே நிற்க இடமில்லை. மாலையோடு வந்த இன்னாசிராஜ், தான் சைக்கிளைத் துடைக்கும் படத்தின் முன் கால்மணி நேரம் நின்றார்.

"செல்போன் கடைக்காரனை வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார் மகளிடம்.

ஒரு நல்ல மனிதர் செத்தா கேலரி பிழைக்க வேண்டும் என்று நினைத்தபோது வஹீதாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது, கையில் மஞ்சப்பையோடு சின்னையா வாசலில் செருப்பைக் கழற்றினார்.

வேலம்மாள் வீறிட்டாள். கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வஹீதா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கை சூடாகத்தான் இருந்தது.

"அண்ணே, யாரோ தெரியாம மாலை போட்டுட்டாங்க. மனசுல வெச்சுக்காதீங்கண்ணே."

சின்னையா கோபப்படவில்லை. மாலையைக் கழற்றி மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு கூட்டத்தை ஒரு சுற்று நோட்டம் விட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"ஸ்ரீரங்கத்து ஆளுங்க ஒருத்தரும் வரலை போலிருக்கே. அடுத்த ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் படத்துக்குப் போட்டுடறேன்மா, அவரும் சரின்னுட்டாரு."