கேட்கப்படாத வயது

ஒரு கணினிக்குள் இரண்டு மென்பொருள்கள் வேலை பார்த்தார்கள். குழந்தைகளுக்கு மருந்து எத்தனை கரண்டி என்று சொல்பவன் அளவன். அவன் சொல்வது சரிதானா என்று தினமும் பார்ப்பவன் சோதகன். ஐந்து வயது வரை ஒரு கரண்டி, அதற்கு மேல் இரண்டு. இதுதான் விதி.

சோதகனையே சோதித்துப் பார்க்க நினைத்த ஆய்வாளர்கள், ஒருநாள் அளவனை நகலெடுத்து, அதன் விதியில் ஒரே ஒரு குறியை மாற்றி அவனிடம் அனுப்பினார்கள். அப்படி வந்தவன் திரிபன்.

"நாலு வயசுக்கு?" என்று சோதகன் கேட்டான்.

"ஒண்ணு."

"ஆறு வயசுக்கு?"

"ரெண்டு."

"சரி, போகலாம்."

திரிபன் நகரவில்லை. "அஞ்சு வயசுக்குக் கேக்கலையே? நான் ரெண்டுன்னுதான் சொல்வேன்."

சோதகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அந்த வயதைக் கேட்டதே இல்லை.

"கேட்டா உன் தப்பு தெரிஞ்சு உன்னை அழிச்சிடுவாங்களே!"

"கேக்காம விட்டா, என்னை மாதிரி இன்னொருத்தன் நிஜமாவே குழந்தைங்ககிட்ட போயிடுவான். கேளுங்க."

சோதகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். திரிபன் பதில் சொன்னான். அடுத்த நொடி அவன் அங்கே இல்லை.

மறுநாள் அளவனிடம் சோதகன் ஐந்தையும் கேட்டான்.

"ஒண்ணு. அதென்ன புதுக் கேள்வி?"

சோதகன் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டான்.

"நேத்து உன்னை மாதிரியே ஒருத்தன் வந்திருந்தான்," என்றான்.