வாபஸ் வாங்காத மனு

“ஒன்று: இந்த ஆஸ்பத்திரி நிர்வாகம், மூளை ரத்தக்குழாய்க் கோளாறுக்குச் சிகிச்சை பெற்ற எங்கள் தோழரை, காய்ச்சல் வந்தால் ஆபத்து என்று எச்சரிக்காமல் வீட்டுக்கு அனுப்பியது.

“இரண்டு: அடுத்த வாரமே துப்புரவுத் தொழிலாளர் பதினான்கு பேரைக் காரணமின்றி நீக்கியது.

“மூன்று: நியாயம் கேட்ட எங்களை வாசலில் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரியைப் புறக்கணிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது.

“நான்கு: தோழரின் மூளையில் சீழ் கட்டி, இன்று அவர் பேச்சிழந்து கிடப்பது. இதற்குக் குற்றவாளி, இதோ நிற்கும் நர்ஸ். இவரை வேலையை விட்டு நீக்க வேண்டும்!”

வாசித்து முடித்து நிமிர்ந்தார் மனுக்காரர். நாற்பது வருஷமாக மனு எழுதியே வாங்கிய பட்டம் அது. எதிரே விசாரணை அதிகாரி, பக்கத்தில் டாக்டர். பின்னால் சாட்சிக்குச் சங்கத்து ஆட்கள் பதினோரு பேர்.

தோழருக்குப் பசைவாளி என்று பெயர். சுவரொட்டி ஒட்டித் திரிந்த காலத்தில் போஸ்டர் சுருள் மனுக்காரர் கையில், பசை வாளி அவன் கையில். போலீஸ் துரத்தினால் இவர் சுருளை வீசிவிட்டு ஓடுவார். அவன் வாளியோடு ஓடுவான். “காய்ச்சின பசைண்ணே, வீணாக்கலாமா?”

தொடை வழியாகக் குழாய் விட்டு மூளை ரத்தக்குழாயை டாக்டர்கள் மருத்துவப் பசையால் அடைத்த அன்றும் சிரித்தான். “ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டினேன். கடைசியில என் மண்டைக்குள்ளயே ஒட்டிட்டாங்கண்ணே!”

“எச்சரிச்சீங்களா, இல்லையா?” அதிகாரி நர்ஸைக் கேட்டார். “வாயைத் திறக்கலேன்னா வேலை போயிடும்மா.”



பின்வரிசையிலிருந்து பசைவாளியின் மனைவி எழுந்தாள்.

“சிஸ்டர் சொன்னாங்கண்ணே. காய்ச்சல்னா அன்னைக்கே வரணும்னு எழுதியும் கொடுத்தாங்க. பல் ஈறு வீங்கிக் காய்ச்சல் அடிச்சப்ப, இவர் உங்களுக்குத்தானே போன் பண்ணினார்?”

அன்று போனில் தான் சொன்னது மனுக்காரருக்கு நினைவு வந்தது. ‘பல்வலிக்குப் பயந்து புறக்கணிப்பை உடைக்கப் போறியாடா? நம்ம ஆள் ஒருத்தனும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது!’

அவன் மிதிக்கவில்லை. ஒன்பது நாள்.

“பல்லுல இருந்த கிருமி ரத்தத்தோட போய், பசை அடைச்ச இடத்துல தங்கிடுச்சு” என்றார் டாக்டர். “அபூர்வம்தான். அன்னைக்கே வந்திருந்தா மருந்துலயே அடக்கப் பார்த்திருக்கலாம்.”

“இதை ஏம்மா நீ சொல்லல?” மனுக்காரர் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

“சீழ் எடுக்கிற ஆபரேஷனுக்குக் கொண்டுபோறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டார் சார். ‘வராம இருந்ததாலதான் இப்படின்னு எங்கண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம், தாங்க மாட்டார்’னார். அவர் கடைசியாப் பேசினதே அதுதான்.”

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். “மனுவை வாபஸ் வாங்கிக்கறீங்களா?”

“வாங்கிப் பழக்கமில்லை. ஒரு திருத்தம் இருக்கு.”

பேனாவை எடுத்து ‘இதோ நிற்கும் நர்ஸ்’ என்பதை அடித்தார். அதன் மேலே எழுதினார். பிறகு சங்கத்து ஆட்கள் பக்கம் திரும்பி, மேடையில் பேசும் அதே குரலில், ஓர் எழுத்தையும் விழுங்காமல் குற்றவாளியின் பெயரை வாசித்தார்.

தன் பெயரை.